தமிழ்ப் பள்ளித் தளத்தில் 500 வந்தால்

ஆகஸ்ட் வந்தாலே ரவுண்ட் ராக் பக்கம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பேச்சுதான். ஆன்லைன் படிவத்தைத் திறந்தால் சில வருஷம் "500 இன்டர்னல் சர்வர் எரர்". உடனே வாட்ஸ்அப்பில் யாராவது, "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்பார்கள். பிரயோஜனம் இல்லை. கோளாறு உங்க லேப்டாப்பில் இல்ல, சர்வரில். காய்ச்சல் அடிக்குது, ஆனா எங்க வலிக்குதுன்னு சொல்லாத குழந்தை மாதிரி இந்த 500.

வலிக்கிற இடத்தைச் சொல்வது எரர் லாக். சிபேனல் (நம்ம ஹூஸ்டன் சரக்குதான்) இருந்தால் மெட்ரிக்ஸ் பகுதியில் 'எரர்ஸ்' பாருங்க. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே எரர் லாக் ஃபைலும் இருக்கலாம். பெரும்பாலும் ஃபைல் பெயர், வரி எண் இரண்டும் அதில் கிடைக்கும். அதைப் படிக்காமல் எதையும் மாற்றாதீங்க.

அடிக்கடி மாட்டுவது பழைய பிஎச்பி. யாரோ ஒரு பெற்றோர் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி எழுதிக் கொடுத்துட்டு டல்லாஸ் போயிருப்பார். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி வெர்ஷனை நிறுவனம் ஒருநாள் உயர்த்திவிடும். அந்தக் கால ஸ்கிரிப்ட் டேட்டாபேஸைத் தொடப் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டவை. லாக்கில் "அன்டிஃபைன்டு ஃபங்ஷன்" என்றிருந்தால் இதுவாக இருக்கலாம். அவசரத்துக்குப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம், நிறுவனம் இன்னும் கொடுத்தால். ஆனா 7.4-க்கே பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. சேர்க்கை முடிந்ததும் கோடை மாற்றி எழுதத்தான் வேணும்.

லாக் டாட் எச்டிஆக்சஸ் ஃபைலைக் காட்டினால், அதன் பெயரை மாற்றிவிட்டு ஒருதரம் திறந்து பாருங்க. பக்கம் வந்தால் உள்ளே ஒரு வரி சர்வருக்கு ஒத்துவரலைன்னு அர்த்தம்.

யாராவது "பெர்மிஷனை 777 ஆக்குங்க" என்றால் கேட்காதீங்க. யார் வேணும்னாலும் எழுதலாம் என்று ஃபைலைத் திறந்துவிடுவது அது. பல ஷேர்டு சர்வர்களில் அதுவே 500-ஐக் கொண்டு வரும். ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 வழக்கமாகப் போதும். எரரைப் பக்கத்திலேயே காட்டும் செட்டிங்கும் வேண்டாம். அந்த டேட்டாபேஸில் இருப்பது நம்ம பசங்க பேரு, பிறந்த தேதி, அம்மா அப்பா போன் நம்பர்.

இந்த வாரமே ஒன்று விசாரிங்க: ஹோஸ்டிங் கணக்கு யார் இமெயிலில் இருக்கு? டல்லாஸ் போனவர் இமெயிலில் என்றால், பள்ளியின் பொது இமெயிலுக்கு மாற்றி, இரண்டு பேரிடம் பாஸ்வேர்டு இருக்கட்டும்.