கோணல் தாடையும் எமது பிள்ளைகளும்

மேற்பல் முன்தள்ளிய பிள்ளையையும், கீழ்த்தாடை முன்னே நிற்கும் பிள்ளையையும் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை எமது கிராமங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். "அது தகப்பன்ரை சாயல், என்ன செய்யிறது?" என்று பெற்றோரும் விட்டுவிடுகின்றனர். சாயல் என்பது ஓரளவு உண்மையே. ஆயினும் சாயலாக வந்ததையும் வளரும் வயதில் பெருமளவு திருத்தலாம். இது தெரியவரும்போது பலருக்கு வயது கடந்துவிடுகிறது.

ஏன் ஏற்படுகிறது?

பரம்பரையோடு வேறு காரணங்களும் உண்டு. 4 வயதுக்குப் பின்னும் விரல் சூப்புதல், மூக்கடைப்பினால் எந்நேரமும் வாயால் மூச்சு விடுதல் என்பன தாடையின் வளர்ச்சியைப் பாதிக்கும். "பாற்பல்தானே, விழத்தானே போகுது" என்று சூத்தைப் பல்லை நாம் கவனியாது விடுகிறோம். பின்னர் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அந்தப் பாற்பல்லே. அதை முந்தி இழந்தால் பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தை அடைத்துவிடும், கடி பிழைக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

7, 8 வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, கொடுப்புப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். உதடுகளை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளியே நிற்பது இயல்பு. கீழ்ப்பற்கள் வெளியே நின்றாலோ, மேற்பற்கள் அதிகம் முன்தள்ளியிருந்தாலோ, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது இடைவெளி தெரிந்தாலோ, வாய் மூடும்போது நாடி ஒரு பக்கம் இழுபட்டாலோ பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காலமே மருந்து

ஒடுங்கிய அல்லது பின்தங்கிய மேல்தாடையை விரிக்கவும் முன்னிழுக்கவும் ஏற்ற காலம் 10 வயதுக்கு முன்னராகும். பின்தங்கிய கீழ்த்தாடைக்கு, பிள்ளை விரைவாக வளரும் 10 முதல் 14 வயதுக் காலத்தில் கழற்றிப் போடும் கருவி உதவும். பல்லுக்குப் போடும் கம்பி பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் இருக்கும். வளர்ச்சி முடிந்தபின் தாடை எலும்பைத் திருத்துவதற்குச் சத்திரசிகிச்சையே வழி.

முதலில் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையானால் அவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடத்திலுள்ள நிபுணரிடம் அனுப்புவர். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் மாதம் ஒரு முறையளவில் போகவேண்டியிருப்பதால், முல்லைத்தீவுக் கரையோரத்துத் தாயொருத்தி ஒவ்வொரு முறையும் பஸ் காசோடு ஒரு நாள் கூலியையும் இழக்கிறாள். அதனால் சிகிச்சை பாதியில் நின்றால் பற்கள் பழையபடி நகர்ந்துவிடும். மாதர் சங்கங்கள் ஒரே நாளில் தவணை கேட்டு, முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல ஒழுங்கு செய்யலாம். பங்குகளும் போக்குவரத்துக்கு உதவலாம்.

விபத்தில் தாடை விலகினால்

2009இல் முடிந்த போரைக் கண்ட எமது மக்களுக்குத் தாடைக் காயம் புதிதல்ல. இன்று மோட்டார் சைக்கிள் விபத்தும் அதற்குக் காரணமாகிறது. அடிபட்டபின் பற்கள் முன்போல் பொருந்தாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். கையால் தள்ளிப் பொருத்த முயலவேண்டாம். நினைவுள்ளவரை முன்குனிந்து இருக்கச் செய்து, இரத்தம் தொண்டைக்குள் போகாது பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தாமதித்தால் சில வாரங்களில் எலும்பு கோணலாகவே பொருந்திவிடும்.

வரும் தவணை விடுமுறையில் உங்கள் பிள்ளையின் வாயை ஒருமுறை பாருங்கள். அதற்குச் செலவாவது ஐந்து நிமிடமே.