பட்டதாரி ஆசிரியர் உருவாக்கத்தில் கற்பித்தல் பயிற்சியின் இடம்: பெரும்பாக்கத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு, பட்டத்தோடு கல்வியியல் இளையர் பட்டமும் (பி.எட்.) தேவையாகும். அப்படிப்பு வளர்க்கும் திறனும் நியமனத் தேர்வு அளக்கும் திறனும் எந்த அளவிற்குப் பொருந்துகின்றன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாண்டுப் படிப்பு

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856ஆம் ஆண்டைச் சார்ந்தது. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தோன்றியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஓராண்டுப் படிப்பு இரண்டாண்டாக நீண்டது. பள்ளி சார்ந்த பயிற்சிக்கு 20 வாரங்கள் வகுக்கப்பட்டன; அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டிற்குரியவை.

பயிற்சிக் களம்

சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, குறிப்பாக 2015 வெள்ளத்திற்குப் பின், பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டன. இத்தகைய பகுதியில் வகுப்பெடுக்கும் மாணவாசிரியர், கல்வியாண்டின் இடையில் பள்ளி மாறிய பிள்ளைகளையும் எதிர்கொள்ள நேரும். ஒன்பதாம் வகுப்பில் செய்யுள் நடத்தச் செல்பவர், உரைநடையையே தடுமாறிப் படிக்கும் மாணவரைக் காணின், எழுதி வந்த பாடத்திட்டத்தை அங்கேயே மாற்றியமைத்தல் வேண்டும். இத்திறன் வகுப்பறையில், வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு வாய்ப்பதாகும்.

நியமனத் தேர்வு

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 கொள்குறி வினாக்களைக் கொண்டது. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றிற்கு முப்பது முப்பதும், பாடப் பகுதிக்கு அறுபதும் உரியன. முன்பிருந்த வெயிட்டேஜ் முறையில் பி.எட். மதிப்பெண்ணுக்கும் பங்கிருந்தது. எனினும், மேனிலைப் பள்ளி மதிப்பெண்ணும் அதில் சேர்ந்தமையால், முற்காலத்தில் படித்தோர் பின்தள்ளப்பட்டனர் என்ற குறை எழுந்தது. 2018ஆம் ஆண்டு அரசாணை அம்முறையை நீக்கித் தனிப் போட்டித் தேர்வைக் கொணர்ந்தது. அக்குறை நீங்கியது, ஆனால் கற்பித்தல் பயிற்சிக்கு இருந்த சிறு பங்கும் உடன் நீங்கியது.

முடிவுரை

பதினாறு வாரங்கள் நியமனத்தில் கணக்கில் கொள்ளப்படாதபோது, பயிற்சிக் காலமும் தேர்வுக்குப் படிக்கும் காலமாக மாறும் இடர் உண்டு. கேந்திரிய வித்யாலயா நியமனத்தில் மாதிரி வகுப்பெடுத்தலுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. அதுபோல், எழுத்துத் தேர்வில் தேறியோரை ஒரு வகுப்பேனும் எடுக்கச் செய்து மதிப்பிடலாம். மதிப்பீட்டில் சார்பு நுழையாதிருக்கப் பொதுவான அளவுகோலும் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீட்டாளரும் இன்றியமையாதன. பாட அறிவைத் தேர்வுத்தாள் காட்டும். அவ்வறிவு மாணவரைச் சென்றடைவதை வகுப்பறையே காட்டும்.