சாவக இசையும் டெபுசியும்

பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்து நூறாண்டு நிறைவுற்றமையைக் கொண்டாடுமுகமாகப் பாரிசு மாநகரில் 1889 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் உலகப் பொருட்காட்சியொன்று தொடங்கி, அவ்வாண்டு ஒக்டோபர் இறுதிவரை நடைபெற்றது. அதன் பொருட்டு எழுப்பப்பெற்ற ஈபெல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியந்தோர் எண்ணிலர். அக்காட்சிக்கு வந்த இருபத்தாறு வயதுடைய இசையாசிரியர் ஒருவரின் உள்ளத்தைக் கவர்ந்ததோ கோபுரமன்று; இன்வலீட் திடலில் ஒல்லாந்தர் பகுதியில் மூங்கிலாற் சமைக்கப்பட்டிருந்த சிற்றூரொன்றாகும். அவர் பெயர் கிளோட் டெபுசி. அச்சிற்றூரில் அவர் பல மணி நேரத்தைச் செலவிட்டார் என்பதை அவர்தம் நண்பர் றொபேர் கொடே பிற்காலத்து நினைவுகூர்ந்துள்ளார்.

அச்சிற்றூர் யாவாத் தீவிலிருந்து வந்தோர் வாழ்ந்து காட்டிய ஊர். மணிமேகலை கூறும் சாவக நாடு இத்தீவே எனக் கொள்வார் உளர். நம் நாட்டுச் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரிலும் சாவகர் நினைவு தங்கியிருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். ஆகவே பெயரளவிலேனும் அது நமக்குப் புதிய நாடன்று. ஆடிய மகளிர் நால்வர் சுரகர்த்தா நகரத்து மங்குநகரன் அரண்மனையைச் சேர்ந்தவர். கமெலான் என வழங்கும் இசைக்குழுவினரோ மேற்கு யாவாவிலுள்ள பரக்கான் சலாக் என்னும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஐரோப்பிய இசையின் போக்கை மாற்றிய கலைஞர் ஒருவரின் செவியைத் திறந்தவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தார் என்பது இலங்கையராகிய நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

கமெலான் கருவிகள் பாரிசுக்கு முன்னரே வந்துவிட்டன. 1887 ஆம் ஆண்டிலேயே ஒரு தொகுதி, டெபுசி பயின்ற இசைக் கல்லூரியின் அரும்பொருட்சாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்திருந்தது. ஆயின் வாசிப்பாரின்றிக் கிடக்கும் கருவி வெறும் வெண்கலமே. எடிசன் ஆக்கிய ஒலிப்பதிவுப் பொறியும் இதே பொருட்காட்சியில் இருந்தது. மக்கள் குழாயைச் செவியிற் பொருத்தி அதனைக் கேட்டு அதிசயித்தனர். எனினும் பெரிய கொங்கு மணியின் ஆழ்ந்த முழக்கத்தை உள்ளவாறு பதியும் ஆற்றல் அக்காலப் பொறிக்கு இல்லை. எனவே அவ்விசையை அறிய விரும்பியவன் வாசிப்போர் முன் சென்று இருத்தலே வழியாயிற்று.

அங்கே அவர் கேட்டது யாது? கமெலானில் தகட்டுக் கருவிகள் சில தலைமைப் பண்ணை மெல்ல வாசிக்கும். சிறு மணிக் கருவிகள் அதனையே இருமடங்கு, நான்மடங்கு விரைவில் அழகுபடுத்தி வாசிக்கும். ஒரு சுற்று முடியுமிடத்துப் பெரிய கொங்கு ஒருமுறை ஒலிக்கும். நம் தாளத்து ஆவர்த்தனத்தையும் காலப் பிரமாணங்களையும் அறிந்தவர்க்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. ஆனால் நம்மிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலங்கள் ஆங்கு ஒரேவேளையில் அடுக்கடுக்காக நிகழும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நரம்பிற் பிறக்கும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமைவன. வெண்கலத் தகட்டிலும் மணியிலும் பிறப்பன அங்ஙனம் அமையா. அவற்றின் ஓசை தேய்ந்து மறையும்போதும் நிறம் மாறிக்கொண்டே செல்கிறது.

டெபுசி பத்து வயதிற் கல்லூரி புகுந்து, 1884 இல் உரோமைப் பரிசு பெற்றவர். ஆதார சுருதியிலும் பஞ்சமத்திலும் எழும் சுரக்கூட்டுக்களே இசையைத் தாங்கும் இரு தூண்கள் என்று ஆசிரியர் கற்பித்தனர். அத்தூண்கள் இன்றியும் இசைமாளிகை நிற்றல் கூடும் என்பதைச் சாவகர் வாசிப்பு நேரே காட்டிற்று. 1895 இல் நண்பர் பியேர் லூயிக்கு எழுதிய கடிதத்தில், சொல்லால் உணர்த்தவியலா நுண்பொருளையும் சாவக இசை உணர்த்திற்று என்றும், ஆங்கே மேற்படி ஆதாரமும் பஞ்சமமும் குறும்புப் பிள்ளைகட்குக் காட்டும் வெற்றுப் பூச்சாண்டிகளாய்விட்டன என்றும் அவர் கருத்துரைத்தார். கேட்டு ஆறாண்டு கழிந்த பின்னர் எழுதிய கடிதம் அது.

கேட்டது ஆக்கமாக மலர அதனினும் நெடுங்காலம் சென்றது. 1889 இல் தொடங்கிய பியானோ, வாத்தியக் குழு ஆகியவற்றுக்கான 'பந்தாசி' என்னும் படைப்பிற் கமெலானின் சாயல் உண்டு என்பர் சிலர். அதனை டெபுசியே அரங்கேற்றாது திரும்பப் பெற்றார்; அவர் மறைந்த பின் 1919 இலேயே அது அரங்கேறியது. ஐயத்துக்கிடமின்றி அவ்வனுபவம் வெளிப்படும் படைப்பு 1903 இல் எழுதிய 'பகோட்' என்னும் பியானோ உருப்படியாகும். றிக்கார்டோ வீன்யெஸ் என்பவர் 1904 சனவரியில் அதனை முதன்முதல் வாசித்தார். கீழே நீண்டொலிக்கும் சுரங்கள் கொங்கு போல நிற்க, இடையே பண் மெல்ல நடக்க, மேலே சுரங்கள் விரைந்து சுழல்கின்றன. அதன் முதன்மையான ஐந்து சுரங்கள் நம் மோகன இராகத்துக்குரியவையே. ஆயினும் அதனைச் சாவக இசையின் படியென்று கூறுதல் பிழை. சாவகரின் சிலெந்துரோ என்னும் ஐந்து சுர முறையில் இடைவெளிகள் ஏறக்குறைய ஒத்தவை. கமெலானுக்குக் கமெலான் சுருதியும் வேறுபடும். பியானோவில் அச்சுரங்களே இல்லை. டெபுசி எடுத்துக்கொண்டது மெட்டையன்று, சுரத்தையுமன்று. ஓசைகளை அடுக்கும் முறையையும், ஓசை தேய்வதைக் காத்திருந்து கேட்கும் பொறுமையையுமே.

இவை யாவும் அவரிடம் முன்னரே கருக்கொண்டிருந்தன, சாவகர் வாசிப்பு அவற்றை உறுதிப்படுத்தியதேயன்றிப் புதிதாக ஒன்றும் தரவில்லை என வாதிப்பாரும் உளர். மாணவராயிருந்த காலத்திலேயே விதிமீறிய சுரக்கூட்டுக்களை வாசித்து ஆசிரியரைத் திகைக்கச் செய்தவர் அவர் என்பது உண்மையே. ஆயின் அதே திடலில் அதே வாசிப்பைக் கேட்டு, விநோதமென நகைத்து அப்பாற் சென்றோர் பலர். ஆயத்தமான செவிக்கே அது பயன்பட்டது எனின், அதனால் அந்நிகழ்ச்சியின் பெருமை குறையுமாறு எங்ஙனம்?

அவ்வாண்டுக் கோடையிலேயே வாக்னரின் இசை நாடகங்களைக் கேட்க டெபுசி இரண்டாம் முறை பைரொயித் சென்றார். முதல்முறை சென்றபோதிருந்த பத்தி இம்முறை தளர்ந்தது. பைரொயித் அரங்கிற் பெரிய வாத்தியக் குழு காண்போர் கண்ணுக்குப் புலனாகாதபடி மேடைக்கீழ் மறைக்கப்பட்டிருக்கும். இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, 1913 பெப்ரவரியில், ஐம்பது வயதில், நோயுற்றிருந்த நிலையில், இசைச் சஞ்சிகையொன்றிற்குக் கட்டுரை எழுத முற்பட்டபோதும் அவர் நினைவு பொருட்காட்சிக்கே திரும்பியது. மூச்சு விடுதல் போல இயல்பாக இசை பயிலும் சாவகரைப் பற்றி அதில் எழுதினார். கடலலையும் இலைகளில் வீசும் காற்றுமே அவர்தம் கல்லூரி என்றார். அடுத்து, அதே காட்சியிற் கண்ட அன்னாம் நாட்டு நாடகத்தை எடுத்துக்கொண்டார். அங்கே தனியரங்கில்லை, மறைந்த வாத்தியக் குழுவுமில்லை. உணர்ச்சியை நடத்தச் சீற்றங்கொண்ட ஒரு சிறு குழலும், அச்சத்தை எழுப்ப ஒரு கொங்கு மணியுமே இருந்தன என்று குறித்தார்.