ஹாட்டாக் 2 டாலர்: அட்லான்டா போட்ட கணக்கு

அமெரிக்காவின் அட்லான்டா நகரில் 2016 மே மாதம் ஒரு விலைப்பட்டியல் வெளியானது. ஹாட்டாக் 2 டாலர். பாப்கார்ன் 2 டாலர். பிரெட்செல் 2 டாலர். தண்ணீர் பாட்டில் 2 டாலர். குளிர்பானமும் 2 டாலர்தான். கோப்பை காலியானால் எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். பீட்ஸா துண்டு, நாச்சோஸ், உருளைக்கிழங்கு வறுவல் தலா 3 டாலர். சீஸ்பர்கரும் உள்நாட்டு பீரும் 5 டாலர்.

இந்தப் பண்டங்களை விற்கப்போகிற ஸ்டேடியம் அப்போது திறக்கப்படவே இல்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

புதிதாக ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் கூரையைப் பற்றிப் பேசுவார்கள், திரையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்திலும் அதற்குக் குறைவில்லை. எட்டு இதழ்களாகத் திறந்து மூடும் கூரை. அதற்குக் கீழே அரங்கைச் சுற்றிலும் வளையமாக ஓடும், 58 அடி உயரமுள்ள வீடியோ திரை. செலவு 150 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அதைக் கட்டி நடத்தும் ஆர்தர் பிளாங்க் ஊர் முழுக்கப் பேசவைத்தது ஹாட்டாக்கின் விலையை.

பிளாங்க் கடை நடத்திப் பழகியவர். 1978இல் பெர்னி மார்கஸுடன் சேர்ந்து அட்லான்டாவில் 'ஹோம் டிப்போ' என்ற வீட்டுச் சாமான் கடையைத் தொடங்கி, நாடு முழுக்கக் கிளை பரப்பியவர். 2002இல் அட்லான்டா ஃபால்கன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வாங்கினார். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, தோளில் கவசம் அணிந்த ஆட்டம் அது. பிறகு, நமக்குப் பழக்கமான கால்பந்துக்கும் ஓர் அணி தொடங்கினார். அட்லான்டா யுனைடெட் என்ற அந்த அணி 2017இல் களமிறங்கியது. இரண்டு அணிக்கும் ஒரே வீடு, இந்தப் புதிய ஸ்டேடியம்.

உள்ளே போனவர்களின் பசி

ஸ்டேடியத்துக்குள் தின்பண்டம் ஏன் அநியாய விலைக்கு விற்கிறது? நம் ஊர் மல்டிபிளெக்ஸில் பாப்கார்ன் வாங்கியவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. உள்ளே வேறு கடை கிடையாது. மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

மீதிப் பாதி விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்க ஸ்டேடியங்களில் சாப்பாட்டு வியாபாரத்தைப் பெரும்பாலும் அணி நேரடியாக நடத்துவதில்லை. பெரிய கேட்டரிங் நிறுவனத்திடம் விட்டுவிடுகிறது. அந்த நிறுவனம் சமையலறைக்கும் கவுன்டர்களுக்கும் முதல் போடும். விற்பனையில் பெரிய பங்கை அணிக்குக் கமிஷனாகக் கொடுக்கும். போட்ட முதல், கொடுக்கும் கமிஷன், தன் லாபம் எல்லாவற்றையும் ஹாட்டாக்கின் தலையில்தான் ஏற்ற வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடுவது வருடத்துக்குப் பத்து ஆட்டம் அளவில்தான். அந்தச் சில நாட்களுக்குள் பணத்தை எடுத்தாக வேண்டும் என்றால் விலை எங்கே போய் நிற்கும்?

இந்த ஏற்பாட்டில் விலையை ஏற்றுவதற்கு இரண்டு தரப்புக்கும் காரணம் உண்டு. கமிஷன் வாங்கும் அணிக்கு விலை ஏறினால் நல்லது. கமிஷன் கொடுக்கும் நிறுவனத்துக்கு விலை ஏறாமல் முடியாது. ரசிகன் முகம் சுளித்தால், விலை எங்கள் கையில் இல்லை என்று அணி ஒதுங்கிக்கொள்ளலாம்.

குத்தகையை மாற்றினார்

பிளாங்க் முதலில் கைவைத்தது இந்த ஏற்பாட்டில்தான். லெவி என்ற கேட்டரிங் நிறுவனத்தை அமர்த்தினார். ஆனால் குத்தகைதாரராக அல்ல, சம்பளம் வாங்கும் நிர்வாகியாக. சமைப்பது, பரிமாறுவது, ஆட்களை மேய்ப்பது அவர்கள் வேலை. அதற்கு நிர்வாகக் கட்டணம் உண்டு. விலையை எழுதுவது மட்டும் ஸ்டேடியத்தின் உரிமை. லாபமோ நஷ்டமோ அதுவும் ஸ்டேடியத்தின் பாடு. மெர்சிடிஸ்-பென்ஸ் கார் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவை நடத்திவிட்டு பிளாங்கின் குழுமத்துக்குத் தலைமை ஏற்க வந்த ஸ்டீவ் கேனன் இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தினார்.

விலை குறைந்ததைத்தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஒப்பந்தம் மாறியதுதான் உண்மையான செய்தி. பழைய ஒப்பந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஹாட்டாக்கை 2 டாலருக்கு விற்கச் சொல்லியிருந்தால் கேட்டரிங் நிறுவனம் இரண்டே சீசனில் கையை விரித்திருக்கும்.

இப்படிச் செய்ய அவருக்கு எங்கிருந்து தெம்பு வந்தது? என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் 32 அணிகளும் தேசிய டிவி ஒப்பந்தப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு அணியின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். அதற்குப் பக்கத்தில் பாப்கார்ன் காசு சின்னத் தொகை. ஆனால் ஆட்டத்துக்கு வந்துவிட்டு வீடு திரும்பும் குடும்பம் வழியெல்லாம் புலம்புவது அந்தச் சின்னத் தொகையைப் பற்றித்தான். புலம்பலின் அளவோடு ஒப்பிட்டால் அதை ஒழிக்க ஆகும் செலவு குறைவு என்பதைக் கடைக்காரரான பிளாங்க் கண்டுகொண்டார்.

சில்லறை இல்லாத விலை

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாம் முழு டாலர். அமெரிக்கக் கடைகளில் பலகையில் ஒரு விலை இருக்கும். பில் போடும்போது விற்பனை வரி சேர்ந்து வேறு விலை வரும். இங்கே வரியும் உள்ளடக்கம். 2 என்றால் 2 தான். கவுன்டரில் இருப்பவர் சில்லறை எண்ண வேண்டாம். வாங்குகிறவர் சட்டைப்பையைத் துழாவ வேண்டாம். ஒரு ஆளுக்குச் சில நொடிகள் மிச்சம். எழுபதாயிரம் பேர் கூடுகிற இடத்தில், இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வரும்போது, அந்தச் சில நொடிகள்தான் க்யூவின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

ஃபால்கன்ஸின் பழைய ஸ்டேடியமான ஜார்ஜியா டோமைவிட விற்பனை முனைகளும் இங்கே மிக அதிகம். குளிர்பானம் வாங்குகிறவருக்குக் கவுன்டரில் கிடைப்பது வெறும் கோப்பை. நிரப்பும் இயந்திரங்கள் தள்ளி வேறிடத்தில் இருக்கின்றன. இரண்டாவது முறை நிரப்ப வருகிறவர் க்யூவில் வந்து நிற்பதே இல்லை. கொக்கோ கோலா பிறந்த ஊரில் இலவசமாக நிரப்பிக்கொள்வது பொருத்தமான உபசாரம்தான்.

நகரத்தின் பேர்போன உணவகங்கள் சிலவும் உள்ளே கடை போட்டன. வெளியே தங்கள் கடையில் என்ன விலையோ அதே விலைதான் உள்ளேயும் என்பது நிபந்தனை. இவற்றில் ஒரு கடை விசித்திரமானது. அட்லான்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'சிக்-ஃபில்-ஏ' சிக்கன் சாண்ட்விச் நிறுவனம், அதை நிறுவியவரின் மதப் பற்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நாடு முழுக்க விடுமுறை விடும். ஃபால்கன்ஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் நடப்பதோ ஞாயிற்றுக்கிழமைகளில். அன்றைக்குக் கடையின் மின்பலகையில் பெயர் மாறும். வேறு பண்டம் விற்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு ஹாட்டாக், நாலு குளிர்பானம், இரண்டு பாப்கார்ன், இரண்டு வறுவல். தொடக்கப் பட்டியலின்படி 26 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,700 ரூபாய். அமெரிக்கச் சம்பளத்துக்கு இது சாதாரண ஹோட்டல் பில்.

விலை பாதி, வரவு கூடுதல்

2017 ஆகஸ்ட் 26 அன்று ஸ்டேடியம் திறந்தது. பெருமையோடு பேசப்பட்ட கூரை சொன்னபடி திறந்து மூட அடுத்த வருடம்வரை இழுத்துக்கொண்டது. விலைப்பட்டியல் முதல் நாளிலிருந்தே வேலை செய்தது.

முதல் சீசன் முடிந்ததும் நிர்வாகம் கணக்கு சொன்னது. ஜார்ஜியா டோமின் கடைசி சீசனோடு ஒப்பிட்டால் பண்டங்களின் விலை பாதி. ஆனால் ஒரு ரசிகர் சாப்பாட்டுக்குச் செலவிட்ட தொகை 16 சதவீதம் கூடுதல். ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் இரண்டு வாங்கினார்கள். வாங்காமலே இருந்தவர்களும் வாங்கினார்கள்.

வரவு வேறு, லாபம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை பாதியாகி விற்பனை பெருகினால் ரொட்டியும் இறைச்சியும் வேலை ஆட்களும் அதே அளவுக்குப் பெருக வேண்டும். ஒரு ஹாட்டாக்கில் கிடைக்கும் லாபம் நிச்சயம் மெலிந்திருக்கும். ஆதாயம் வேறு பக்கம் வந்தது. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பீர் குடித்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் எல்லோரும் வாசலில் போய் முட்டுவார்கள். உள்ளே சாப்பாடு மலிவு என்றானதும் பலர் முன்கூட்டியே நுழைந்தார்கள். வாசல் நெரிசல் குறைந்தது. சீக்கிரம் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அணியின் ஜெர்சி, தொப்பி விற்கும் கடைகளில் வியாபாரம் ஏறியது. அந்த வருடம் லீக் நடத்திய ரசிகர் கருத்துக் கணிப்பில் உணவு விஷயத்தில் அட்லான்டாவுக்கு முதலிடம்.

2018இல் பிளாங்க் இன்னும் சில பண்டங்களின் விலையை இறக்கினார். அந்த டிசம்பரில் அட்லான்டா யுனைடெட் அணி 73,019 பேர் முன்னிலையில் லீக் கோப்பையை வென்றது. 2019 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப்போட்டி அங்கே நடந்தது. வழக்கமாக விலை வானத்துக்கு ஏறும் நாள் அது. இங்கே அன்றைக்கும் பட்டியல் மாறவில்லை.

மற்றவர்களும் கவனித்தார்கள். அதே ஊரின் கூடைப்பந்து அணியான ஹாக்ஸும், பால்டிமோர் ரேவன்ஸ் அணியும் 2018இல் தின்பண்ட விலையைக் குறைத்தன. ஜார்ஜியா மாநிலத்துக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. அங்குள்ள அகஸ்டா கோல்ஃப் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டியின்போது சீஸ் சாண்ட்விச்சை ஒன்றரை டாலருக்கு வருடக்கணக்காக விற்றுவந்தார்கள். உலகத்தின் மிகப் பகட்டான கிளப்புகளில் ஒன்று அது.

வாசலில் நிற்கும் விலை

இவ்வளவும் வாசலைத் தாண்டியவர்களின் கதை. தாண்டுவதற்கு என்ன விலை?

ஃபால்கன்ஸ் அணியின் சீசன் டிக்கெட் வேண்டும் என்றால் முதலில் அந்த இருக்கையை வாங்கும் உரிமைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். உயரத்து மூலை இருக்கைக்கு 500 டாலர். நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிறந்த இருக்கைக்கு 45,000 டாலர். இது உரிமைக்கு மட்டும். ஒவ்வொரு வருடமும் டிக்கெட் காசு தனி. 45,000 டாலர் கொடுத்தவருக்கு 2 டாலரில் ஹாட்டாக் கிடைப்பதைச் சலுகை என்று சொல்ல நாக்கு கூசும்.

ஊரும் பணம் கொடுத்திருக்கிறது. ஹோட்டல் அறை வரியை ஈடாகக் காட்டி 20 கோடி டாலர் பொதுக் கடன் திரட்டப்பட்டது. ஸ்டேடியத்துக்காகக் கறுப்பின மக்களின் இரண்டு பழமையான தேவாலயங்கள் நஷ்டஈடு பெற்றுக்கொண்டு இடம்பெயர்ந்தன. மேற்கே ஒட்டியிருக்கும் வைன் சிட்டி, மார்ட்டின் லூதர் கிங் குடும்பத்தோடு வாழ்ந்த பகுதி, நகரத்தின் ஏழ்மையான பேட்டைகளில் ஒன்றாக இருந்தது. பிளாங்கின் அறக்கட்டளை அங்கே பணம் செலவிட்டது உண்மை. வீட்டு வாடகை ஏறும் என்று அங்குள்ளவர்கள் பயந்ததும் உண்மை.

வாசலுக்கு உள்ளேயும் மாற்றம் வந்தது. 2019 மார்ச்சில் ஸ்டேடியம் ரொக்கம் வாங்குவதை நிறுத்தி, ஹாட்டாக் விலையை ஒன்றரை டாலராகக் குறைத்தது. க்யூ இன்னும் வேகமானது. கார்டு இல்லாதவர்களுக்காக, நோட்டை வாங்கிக்கொண்டு கார்டு தரும் இயந்திரங்களை வைத்தார்கள்.

ஹாட்டாக்கில் காட்டிய தாராளத்தை டிக்கெட்டிலும் காட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கணக்கு இடம் கொடுக்காது. ஹாட்டாக் விலையைக் குறைத்தால் கூடுதலாக விற்று ஈடுகட்டலாம். இருக்கை 71,000தான், எவ்வளவு மலிவாக விற்றாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறைதான் விற்க முடியும். கடைக்காரரின் புத்தி வேலை செய்யும் எல்லை வாசலோடு முடிகிறது.

அதற்கு அப்பால் வேறொரு ஏற்பாடு தேவைப்படுகிறது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டு பார்க்கும் தெற்குப் பகுதி இருக்கிறது. அங்கே டிக்கெட் மலிவு. அந்த இடத்தில் நாற்காலி போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்க முடியாதா? முடியும். ஆனால் ஜெர்மன் லீக் விதிப்படி கிளப்புகளின் பெரும்பான்மை ஓட்டுரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். அந்த உறுப்பினர்களில் பலர்தான் தெற்குப் பகுதியில் நிற்கிறார்கள்.

அட்லான்டாவில் விலையை எழுதும் பேனாவைக் கேட்டரிங் நிறுவனத்திடமிருந்து முதலாளி வாங்கிக்கொண்டார், தின்பண்டம் மலிந்தது. டார்ட்மண்டில் அந்தப் பேனாவில் ரசிகர்களுக்கும் பங்கு இருக்கிறது. டிக்கெட்டும் மலிவாகவே நீடிக்கிறது. பிளாங்கின் பட்டியல் மெச்சத்தக்கதுதான். அவர் நல்ல முதலாளி. ஆனால் முதலாளி மாறினால் பட்டியலும் மாறலாம், ஓட்டு இல்லாதவர்களால் அதைத் தடுக்க முடியாது.