மூன்றாம் தரப்பு நிரல் சார்புகள்

மூன்றாம் தரப்பு நிரல் சார்புகள் என்பவை, ஒரு வலைத்தளமோ செருகுநிரலோ இயங்கத் தேவைப்படும், ஆனால் பிறரால் எழுதிப் பராமரிக்கப்படும் நிரல் தொகுப்புகள் ஆகும். தேதி கணக்கிடுதல், மின்னஞ்சல் அனுப்புதல், கடவுச்சொல் சரிபார்த்தல் போன்றவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. ஆயத்த நூலகங்களைப் பயன்படுத்துகின்றனர். அந்த நூலகங்களும் வேறு நூலகங்களைச் சார்ந்திருக்கும். இவை மறைமுகச் சார்புகள் எனப்படும்.

திருப்பூர் பனியன் தொழிலில் நூல் ஓரிடத்திலும், பின்னல் வேறிடத்திலும், சாயமேற்றுதல் இன்னோரிடத்திலும் நடைபெறுவதுண்டு. சாயம் போனால் வாங்கியவர் கேட்பது ஏற்றுமதியாளரைத்தான். இரவல் நிரலிலும் பொறுப்பு அதைச் சேர்த்தவரையே சாரும்.

மேனேஜ்எஞ்சின் நிகழ்வு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் ஒரு பிரிவு மேனேஜ்எஞ்சின். 2022-இல் இதன் 20-க்கும் மேற்பட்ட மென்பொருள்களில் ஒரே பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டது. இதன் அடையாள எண் சிவிஇ-2022-47966. அவை அனைத்தும் அப்பாச்சி சான்டுவாரியோ என்னும் ஜாவா நூலகத்தின் 1.4.1 என்ற மிகப் பழைய பதிப்பைப் பயன்படுத்தியதே காரணம்.

ஒரே கணக்கில் பல சேவைகளுக்குள் நுழைய உதவும் சாமல் முறையில், பயனரின் விவரம் மின்கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் ஆவணமாக வரும். பழைய பதிப்பு, கையொப்பம் உண்மையானதா எனப் பார்க்கும் முன்பே ஆவணத்திலுள்ள உருமாற்றக் கட்டளைகளை இயக்கியது. அதைத் தடுக்கும் பொறுப்பை நூலகம் பயன்பாட்டிடம் விட்டிருந்தது. பயன்பாடுகளில் அந்தத் தடுப்பு இல்லை. எனவே சாமல் இயக்கப்பட்ட வழங்கிகளில், கடவுச்சொல் இல்லாதவரும் தம் கட்டளைகளை இயக்க முடிந்தது.

2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நூலகத்தின் புதிய பதிப்புடன் திருத்தங்கள் வெளியாயின. ஆயினும் 2023 சனவரியில் ஒரு வானூர்தித் துறை நிறுவனத்துக்குள் இக்குறைபாட்டின் வழியே ஊடுருவல் நடந்ததாக அமெரிக்க அரசு அமைப்புகள் பின்னர் அறிவித்தன. நூலகத்தைப் புதுப்பிப்பது உருவாக்குநரின் கடமை. வெளியான திருத்தத்தை நிறுவுவது பயனரின் கடமை.

வலைத்தளங்களில் எழும் சிக்கல்கள்

பிறர் வழங்கியிலுள்ள நிரலுக்கு நேரடியாக இணைப்புத் தருவதும் ஆபத்தானது. பாலிஃபில்.ஐஓ என்னும் முகவரி 2024-இல் கைமாறிய பின், அதிலிருந்து தீங்கு நிரல் பரவியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதனை இணைத்திருந்தன.

வேர்ட்பிரசில் இன்னொரு சிக்கல் உண்டு. இரு செருகுநிரல்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கொண்டிருந்தால், முதலில் ஏறும் பதிப்பையே இரண்டும் பயன்படுத்த நேரிடும். ஒரே பெயருடைய இரு வகுப்புகளைப் பிஎச்பி ஏற்காது என்பதே காரணம். இதனால் தளமே நின்றுபோகலாம்.

மேலாண்மை முறைகள்

• சில வரிகளில் முடியும் வேலைக்கு நூலகம் சேர்க்காதிருத்தல்.
• கம்போசர், என்பிஎம் போன்ற கருவிகள் உருவாக்கும் பூட்டுக் கோப்பைத் திட்டத்துடன் சேமித்தல். மறைமுகச் சார்புகள் உட்பட எல்லாப் பதிப்பு எண்களும் அதில் இருக்கும்.
• அக்கருவிகளின் தணிக்கைக் கட்டளையை அவ்வப்போது இயக்கி, அறியப்பட்ட குறைபாடுகளைக் கண்டறிதல்.
• புதிய பதிப்பைச் சோதனைத் தளத்தில் இயக்கிப் பார்த்த பின்னரே முதன்மைத் தளத்தில் ஏற்றுதல்.
• செருகுநிரலில் சேர்க்கும் நூலகத்தின் பெயர்வெளிக்குத் தனி முன்னொட்டு இடுதல்.
• வெளி இணைப்புக்குப் பதிலாக, நிரலின் படியைச் சொந்த வழங்கியில் வைத்தல்.
• பராமரிப்பு நின்றுபோன நூலகத்துக்கு மாற்று தேடுதல்.