எம்டனின் பொய்ப் புகைபோக்கி

1914 செப்டம்பர் 22 இரவு, இருளில் சென்னையை நெருங்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் உயிர்களும் போயின.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. கேப்டன் முல்லர் மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நான்காவதைக் கட்டினார். தொலைவிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் யார்மத் போலவே தெரியும். அக்டோபரில் பினாங்கு துறைமுகத்துக்குள் புக இந்த வேடம் உதவியது. துணிச்சலான தந்திரம்தான், ஆனால் ஏமாந்தது மனிதக் கண் மட்டுமே. நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளின் கம்பியில்லாத் தந்தி நிலையம் அனுப்பிய எச்சரிக்கை, கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியை வரவழைத்தது. எம்டன் அன்றே சிதைந்தது.

ரேடார் வந்தபின் கித்தான் வேடம் மட்டும் போதவில்லை; ரேடாரிடமிருந்தும் ஒளிய வேண்டியிருந்தது. 2010இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஷிவாலிக் போர்க்கப்பலின் சாய்வான பக்கங்கள், ரேடார் அலைகளை வந்த வழியே திருப்பாமல் வேறு திசைகளில் தெறிக்கவிடுகின்றன.