கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போடுகிறீர்களா? பெரிய மெஷினைப் பார்த்து மயங்காதீர்கள்!

சென்னை அண்ணா சாலையில் இருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. இரண்டு பக்கமும் கடை. கடைக்குள் கடை. செத்துப் போன கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும் சாமான் எல்லாம் இங்கே கிடைக்கும்.

இந்தக் கூட்டத்தில் அடிக்கடி ஒரு புது முகத்தைப் பார்க்கலாம். கையில் துண்டுச் சீட்டு. சட்டைப் பையில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணம். சொந்தமாக ரிப்பேர் கடை போடப் போகும் வாலிபர்!

எந்தக் கருவியை வாங்குவது? எதை விடுவது? அவருடைய பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கத்தி முதலா, நாடி முதலா?

முதலில் கண்ணை இழுப்பது பெரிய மெஷின்தான். சூடு காட்டி, போர்டில் இருந்து சிப்பைக் கழற்றும் மெஷின். விலை பல ஆயிரம். பெரிய ரகமாக இருந்தால் லட்சத்தையும் தொடும்.

அது சிப்பைக் கழற்றும், மாட்டும். ஆனால் எந்த சிப் கெட்டுப் போயிருக்கிறது என்று சொல்லாது! நாடி பார்க்கத் தெரிவதற்கு முன்பே ஆபரேஷன் கத்தி வாங்கிய கதைதான்.

இந்தத் தொழிலில் கையைக் கடிப்பது எது தெரியுமா? நல்ல சாமானைக் கெட்டது என்று நினைத்து மாற்றுவதுதான். ராம் போய்விட்டது என்று புது ராம் வாங்கிப் போடுகிறார். பெட்டி அப்படியே கிடக்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.சில் என்று. ராம் காசைக் கேட்டால், "அது உங்க தப்பு சார், நான் ஏன் கொடுக்கணும்?" என்று வாடிக்கையாளர் கை விரித்துவிடுவார்.

சில நூறு ரூபாய் போதும்

சீட்டில் முதலில் எழுத வேண்டியது மல்டி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.சில் இருந்து வரும் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். 100-க்கு 5 கூடலாம், குறையலாம். 12 வர வேண்டிய இடத்தில் 11.4-க்குக் கீழே போனால் குற்றவாளி அகப்பட்டான்!

ஆனால் சில கம்பெனிப் பெட்டிகளில் 12 வோல்ட் மட்டும்தான் வரும். அங்கே வயர் நிறத்தை நம்பக்கூடாது. லேபிளைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

தேதி, நேரம் மாறிக்கொண்டே இருக்கிறதா? சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரியை அதே மீட்டரில் வைத்தால் போதும். 3 வோல்ட்டில் இருந்து நன்றாக இறங்கியிருந்தால் புதுசு போட வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறந்து கை வைக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளையே தூக்கிவிடும்!

நல்ல சாமான் ஒரு செட்

இரண்டாவது, நன்றாக வேலை செய்வது என்று தெரிந்த ஒரு எஸ்.எம்.பி.எஸ்., டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ராம் ஒவ்வொன்று, ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு மானிட்டர் கேபிள். செகண்ட் ஹாண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மீட்டரில் சரியாகக் காட்டும் எஸ்.எம்.பி.எஸ்., வேலைப் பளு ஏறியதும் படுத்துவிடுவது உண்டு. அப்போது நல்லதை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இந்த செட்டை விற்கவே கூடாது.

ஓசியில் கிடைப்பது

மூன்றாவது ஒரு பென் டிரைவ். அதில் மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவச புரோகிராமை ஏற்றி, அதில் இருந்தே கம்ப்யூட்டரை ஓட விட்டால் ராமைச் சோதிக்கும். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடக் கூடாது. ராத்திரி கடையைச் சாத்தும்போது ஓட விட்டு, காலையில் வந்து பார்ப்பது நல்லது.

ஹார்டு டிஸ்க்குக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. இதுவும் இலவசம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அதைப் படித்துச் சொல்லும். படிக்க முடியாத இடங்கள் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டினால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும். அதில் ஒரு வீட்டின் கல்யாணப் படம் இருக்கும். ஒரு மளிகைக் கடையின் பற்று வரவு இருக்கும். போனால் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

நம்பர் காட்டும் கார்டு

சின்ன கார்டு ஒன்று விற்கிறார்கள். போர்டில் செருகினால், பெட்டி எந்தக் கட்டத்தில் நின்றது என்று இரண்டு இலக்கத்தில் காட்டும். விலை மலிவு. ஆனால் நின்ற இடத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. ஒரே நம்பருக்கு பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். புது போர்டுகள் பலவற்றில் இதைச் செருகும் பி.சி.ஐ. ஸ்லாட்டே கிடையாது. பழைய பெட்டிகள் அதிகம் வரும் கடைக்குத்தான் இது லாயக்கு.

லேப்டாப் வேலை கூடினால், அடுத்து வாங்க வேண்டியது வோல்ட், ஆம்பியர் இரண்டும் காட்டும் டி.சி. பவர் சப்ளை. சுவிட்சைத் தொடும் முன்பே போர்டு கரண்டை அள்ளி இழுத்தால் எங்கோ ஷார்ட். துளியும் இழுக்கவில்லை என்றால், கரண்ட் வரும் வழியே அறுந்திருக்கலாம். இதெல்லாம் பழகி, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு பெரிய மெஷினைப் பற்றி யோசிக்கலாம். சங்கிலியும் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பும்!

ரிப்பேருக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்த வேகத்தில் "போர்டு போச்சு சார்" என்று சொன்னால், "எதை வெச்சுப் பார்த்தீங்க, தம்பி?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மீட்டரை எடுத்துக் காட்டுவார். மற்றவர் விலைப் பட்டியலை எடுத்துக் காட்டுவார்!